நகருக்கு முந்திய புத்தர்: அயுத்தயாவின் பனன் சோங் விகாரை

சாவ் பிரயா ஆறும் பாசக் ஆறும் கூடுமிடத்தில், அயுத்தயா தீவுநகரின் தென்கிழக்கு முனைக்கு எதிர்க்கரையில் நிற்கிறது பனன் சோங் விகாரை. உள்ளே வீற்றிருக்கும் புத்தர் சுமார் 19 மீட்டர் உயரம். செங்கல் அடுக்கிச் சுதை பூசித் தங்கரேக்கு ஒட்டிய உருவம். வலக்கை நிலத்தை நோக்கித் தாழ்ந்த பூமிஸ்பரிச முத்திரை. தாய் மக்கள் இவரை லுவாங் போ தோ, அதாவது ‘பெரிய ஐயன்’ என்றும், அங்குள்ள சீன வழியினர் சாம் போ கோங் என்றும் அழைக்கிறார்கள். தலைநகர் எழுந்த பின் அரசர்கள் கட்டிய கோயில்களுள் ஒன்றாகவே இதையும் எண்ணத் தோன்றும். ஆனால் சான்றுகள் வேறு வரிசையைக் காட்டுகின்றன. முதலில் துறை இருந்தது; துறையில் புத்தர் எழுந்தார்; அரசு பிறகுதான் வந்தது.

முதன்மைச் சான்று லுவாங் பிரசோத் வரலாற்றேடு. மன்னர் நாராயின் ஆணைப்படி 1680இல் தொகுக்கப்பட்ட இதன் படி ஒன்று 1907இல் கண்டெடுக்கப்பட்டது. ஏட்டின் முதற்பதிவே இந்தச் சிலையைப் பற்றியதுதான்: சூளசகாப்தம் 686, எலி ஆண்டில், அதாவது கி.பி. 1324இல், பனன் சோங் புத்தர் நிறுவப்பட்டார். சூளசகாப்தம் 712இல், நம் கணக்கில் 1351 மார்ச்சில், அயுத்தயா நகர் நிறுவப்பட்ட செய்தி அதற்கு அடுத்தே வருகிறது. ஓர் அரசு தன் வரலாற்றைத் தன் தலைநகரிலிருந்து தொடங்காமல், கால் நூற்றாண்டுக்கும் மேல் மூத்த ஒரு சிலையிலிருந்து தொடங்குவது சிறிய செய்தியல்ல.

1680இல் எழுதியவருக்கு 1324 எப்படித் தெரியும் என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் இந்த ஏடு கதை சொல்வதில்லை. ஆண்டையும் நிகழ்ச்சியையும் வறண்ட வரிகளில் குறித்துச் செல்கிறது. பழைய அரண்மனைக் குறிப்புகளிலிருந்து தொகுத்தது என்பதை அந்த நடையே காட்டிக்கொடுக்கிறது. பிற்காலத்து விரிவான வரலாறுகளைவிட இதன் ஆண்டுக்கணக்கே நம்பத்தக்கது என்பது ஆய்வாளரிடையே பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. பக்தியால் புத்தரை முதலில் வைத்திருக்கலாமே என்றும் கேட்கலாம். பக்திதான் காரணமென்றால் சிலையை எழுப்பிய புண்ணியத்தை ஏதாவதோர் அரசன்மேல் ஏற்றியிருப்பார்கள். அந்தப் பதிவில் எந்த அரசன் பெயரும் இல்லை. அரசவை எழுத்தன் ஒருவன் தன் அரசகுலத்துக்குப் பெருமை சேர்க்காத செய்தியை முதல் வரியாக எழுதினான் என்றால், கையில் கிடைத்த பழைய குறிப்பு அப்படி இருந்ததால்தான் என்று கொள்வதே பொருத்தம்.

சீன ஆவணங்களும் இதற்குத் துணை நிற்கின்றன. குவாங்சௌ துறைமுகத்தைப் பற்றிய 1304ஆம் ஆண்டு நூலொன்று, ‘சியன்’ என்னும் நாடு மேல்நீர்ப் பகுதியான சுகோதாயை ஆள்வதாகக் குறிப்பிடுகிறது. சியன் என்பதே சுகோதாய்தான் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் ஒன்று மற்றொன்றை ஆள்கிறது என்றால் இரண்டும் ஒன்றாக முடியாது; மேல்நீர் என்ற சொல்லே கீழ்நீரில் ஓர் ஆற்றல் இருந்ததை உணர்த்துகிறது. கடலிலிருந்து மரக்கலங்கள் ஏறிவரக்கூடிய இந்தக் கூடுதுறை அந்த ஆற்றலின் இருப்பிடமாக இருந்திருக்கலாம் என்ற வாதத்தை நான் வலுவானதாகவே கருதுகிறேன். ஆளில்லாக் கரையில் யாரும் இவ்வளவு பெரிய சிலையை எழுப்பமாட்டார்கள். செங்கல் சூளையும் சுண்ணாம்பும் கூலியாட்களும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பொருள் கொடுப்போர் வேண்டும்.

இன்று நாம் காணும் திருமேனி அப்படியே 1324க்கு உரியது என்று சொல்ல வரவில்லை. சுதை உருவம் காலந்தோறும் பழுதுபார்க்கப்படுவது; இதுவும் பலமுறை திருப்பணி கண்டது. முகச்சாயலை வைத்துக் காலம் கணிப்பது இங்கே பயன்படாது. ஏடு உறுதிசெய்வது அந்த இடத்தில் அந்த வழிபாடு தொடங்கிய காலத்தை மட்டுமே. பெயரும் எச்சரிக்கையோடு கையாள வேண்டிய சான்று. பனன் சோங் என்பது சம்மணமிட்டு அமர்தலைக் குறிக்கும் கெமர்ச் சொற்களிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. ஆனால் அயுத்தயா அரசவையே பிற்காலத்திலும் கெமர்ச் சொற்களை விரும்பி ஆண்டதால், இதைத் தொன்மைக்குத் தனிச்சான்றாக நிறுத்த முடியாது.

சாம் போ கோங் என்ற பெயர் வேறொரு குழப்பத்தை உண்டாக்கியிருக்கிறது. மிங் பேரரசின் கடற்தளபதி செங் ஹோவின் பட்டப்பெயர் சான்பாவோ என்பதால், விகாரையே அவரோடு தொடங்கியதுபோல் சிலர் பேசுகிறார்கள். இலங்கையின் காலியில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டை விட்டுச்சென்றவர் என்பதால் தமிழருக்கும் அவர் அறிமுகமானவர்தான். ஆனால் அவருடைய முதற்பயணமே 1405இல்தான். சிலை அதற்கு 81 ஆண்டுகள் மூத்தது. சான்பாவோ என்ற ஒலிக்குச் சீனத்தில் மூன்று மணிகள் என்றும் பொருள் உண்டு. புத்தம், தன்மம், சங்கம் என்று தமிழ்ப் பௌத்தம் மும்மணி எனப் போற்றியது இதையே. மன்னர் மோங்குட் 1854இல் திருப்பணி செய்து இந்தப் புத்தருக்குச் சூட்டிய பெயர் திரைரத்தனநாயக், அதாவது திரிரத்தின நாயகர். சீன வணிகர் வழங்கிய பெயரும் அரசர் தந்த பெயரும் ஒரே பொருளில் வந்து சேர்வது தற்செயலாக இருக்க முடியாது. துறைமுகத்தார் வழக்கை அரண்மனை தன் மொழியில் ஏற்றுக்கொண்டது என்றே படிக்கிறேன். சீன இளவரசி சோய் தோக் மாக், தன்னை அழைத்துப்போக அரசன் தானே வராததால் மரக்கலத்திலேயே மூச்சடக்கி உயிர்விட்டாள், அவள் நினைவாக எழுந்ததே இக்கோயில் என்னும் கதை 1807இல் தொகுக்கப்பட்ட வடபுல வரலாற்றில் வருகிறது. ஆண்டுக்கணக்கில் அதை நம்ப வழியில்லை. ஆயினும் அவளுக்கு விகாரை வளாகத்தில் ஆற்றோரமாக ஒரு சீனக்கோயில் இன்றும் இருக்கிறது. கடல்கடந்து வந்த மக்கள் இந்த இடத்தில் தங்களுக்கு உரிமை கோரிய விதம் அந்தக் கதையில் பதிந்திருக்கிறது.

1767இல் பர்மியப் படை அயுத்தயாவை அழித்தபோது நடந்ததை இதனோடு ஒப்பிட வேண்டும். அரண்மனை வளாகத்துக்குள் இருந்த சி சன்பெட் விகாரையில், 1500இல் வார்க்கப்பட்ட 16 மீட்டர் உயர நின்ற புத்தர் பொன் போர்த்தியவர். அந்தப் பொன்னுக்காகவே தீக்கிரையானார். பனன் சோங் புத்தர் தப்பினார். நகர் விழுமுன் அவர் கண்களில் நீர் வழிந்தது என்பது அக்கரையோர் நம்பிக்கை. உருக்கி எடுக்கப் பொன் இல்லாத செங்கல் உடல் அவரைக் காத்திருக்கலாம். ஆனால் அழிவுக்குப் பிறகு நடந்ததை அது விளக்காது. அரசகோயிலான சி சன்பெட்டில் துறவிகள் வாழ்ந்ததில்லை; அரசு போனதும் அது இடிபாடாக நின்றுவிட்டது. பனன் சோங்கிலோ அடியார் கொண்டுவரும் காவித்துணியை மேலே வீசி, புத்தரின் தோளில் போர்த்தும் வழக்கம் இன்றுவரை நடக்கிறது.

1782இல் பாங்காக் புதிய தலைநகரானது. நகர்மதிலுக்கு வெளியே, பழைய நகரின் பனன் சோங்கில் இருப்பதுபோல் ஒரு பெரிய புத்தர் வேண்டும் என்று பின்னர் மன்னர் மூன்றாம் ராமா விரும்பினார். சாவ் பிரயாவின் மேற்கரையில், தோன்புரியில், கல்யாணமித் விகாரையில் அவர் எழுப்பிய பெரிய புத்தருக்கும் திரைரத்தனநாயக் என்பதே பெயர். சீனர் அவரையும் சாம் போ கோங் என்றே அழைக்கிறார்கள்.