குதிரைப் பயமும் எலிப் பயமும்

வியன்னாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் குதிரை கடித்துவிடும் என்று நடுங்கி, வீதிக்கு வரவே மறுத்தான். சிக்மண்ட் ஃப்ராய்டு 1909-இல் வெளியிட்ட 'சின்ன ஹான்ஸ்' வரலாறு இது. சிகிச்சைக்காக ஃப்ராய்டு அவனைப் பார்த்தது ஒரே முறை. மற்றதெல்லாம் தந்தை எழுதி அனுப்பிய குறிப்புகள். குதிரையின் வாயோரக் கறுப்பு அப்பாவின் மீசை, கண்பட்டை அவருடைய மூக்குக்கண்ணாடி என்று ஃப்ராய்டு கண்டார். தாய்மேல் ஆசை, அதனால் தந்தையிடம் பகையும் பயமும். வெளியே சொல்ல முடியாத அந்தப் பயத்தை மனம் குதிரைமேல் ஏற்றிவிட்டது என்பது அவர் விளக்கம்.

அமெரிக்காவில் உளவியலாளர்கள் ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும் 1920-இல் வெளியிட்ட ஆய்வில் ஆழ்மனத்துக்கு வேலையே இல்லை. ஆல்பர்ட் என்ற 11 மாதக் குழந்தை வெள்ளெலியைத் தொடக் கை நீட்டும்போது, குழந்தையின் முதுகுக்குப் பின்னால் எஃகுக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவைகளுக்குப் பிறகு எலியைக் கண்டாலே அழுதது. முயல், நாய், ரோமக் கோட்டு என அந்தப் பயம் பரவியது.

ஃப்ராய்டுக்கு அச்சம் வேறொன்றின் மாறுவேடம்; வாட்சனுக்கு அச்சம் கற்றுக்கொண்ட பழக்கம், அதற்குமேல் ஒன்றுமில்லை. ஹான்ஸைப் பொறுத்தவரை என் மனம் வாட்சன் பக்கமே சாய்கிறது. பஸ் வண்டி இழுத்த குதிரை தெருவில் விழுந்து கால்களை உதைத்ததைப் பார்த்த பிறகுதான் பயம் பிடித்தது என்று அவனே சொன்னான். 1960-இல் நடத்தைச் சிகிச்சையாளர்களான வோல்பேயும் ராக்மனும் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். குழந்தையின் வாய்ச்சொல்லைத் தாண்டிப் போகக் கோட்பாட்டுக்கு உரிமை கிடையாது. ஆனால் விழும் குதிரைகளைப் பார்த்த எல்லாக் குழந்தைகளும் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லையே! இவன் மட்டும் ஏன் என்ற கேள்விக்கு வாட்சனிடம் பதில் இல்லை. ஃப்ராய்டின் பதில் பொருந்தாமல் போனாலும், அந்த வீட்டைப் பற்றி, தாய் தந்தையைப் பற்றிக் கேட்கத் தோன்றியது அவருக்குத்தான்.

வாட்சன் மீது எனக்குள்ள கோபம் வேறு. உண்டாக்கிய பயத்தைப் போக்காமலேயே ஆல்பர்ட்டை அனுப்பிவிட்டார்கள். பேச்சு வராத குழந்தைக்கு அது அநியாயம்.

போக்க வழி இருந்தது. 1924-இல் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவன் பிடித்ததைச் சாப்பிடும் நேரத்தில் முயல்கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே நகர்த்தினார். கடைசியில் அவன் முயலைத் தன் விரலைக் கொறிக்க விட்டான். பீட்டரின் பயம் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கியதல்ல, அவன் வீட்டிலிருந்தே கொண்டுவந்தது. அதன் வேரைத் தோண்டி எடுக்கும்வரை ஜோன்ஸ் காத்திருக்கவில்லை.