மழையைக் கணக்கிட்டவர் யார்?

சென்ற காலபோக விதைப்பின்போது ஒரு நாள், எமது பாடசாலையின் கணினி அறையில் உயர்தர வகுப்பு மாணவர்களோடு நாமும் அமர்ந்திருந்தோம். வட அகலக்கோடு எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையே, கிழக்கு நெடுங்கோடு எண்பதுக்கும் எண்பத்தொன்றுக்கும் இடையே ஒரு கட்டம் வரையுமாறு கருவியைப் பணித்தோம். வன்னிப் பெருநிலம் திரையில் எழுந்தது. ஆண்டையும் மாதத்தையும் கொடுத்தால், மழை மிகுந்த இடம் நீலமாகவும் குறைந்த இடம் மண்ணிறமாகவும் தோன்றும். இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்து ஒப்பிடலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தும் பார்க்கலாம்.

மாணவர் ஒருவர் 2008 நவம்பரைக் கேட்டார். ‘நிஷா’ புயலின் மாதம் அது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் கடும் நீலமாயின. வகுப்பு வியந்தது. பின்வரிசையில் இருந்த மாணவி மட்டும் வியக்கவில்லை. “சேர், அப்ப எங்கட ஆக்கள் எல்லாரும் இடம்பெயர்ந்து போயிட்டினம். பிறகு இஞ்ச மழையை அளந்தது ஆர்?” என்று அவர் கேட்டார்.

அந்த வினாவுக்கு உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

தொலைவிலுள்ள இடங்களின் காலநிலையைப் படத்தில் வரைந்து ஒப்பிடும் முறை புதியதன்று. 1817ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் வன் ஹம்போல்ற் சமவெப்பக் கோடுகளை வரைந்து இக்கலைக்கு அடிகோலினார். ஆயினும், எமது பகுதி உலகில் அது அறிவுத் தாகத்தால் மட்டும் வளர்ந்ததெனக் கூறுவதற்கில்லை. 1876 தொடங்கி 1878 வரை இந்தியாவை உலுக்கிய பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மடிந்தனர். பருவமழை பொய்த்தால் மக்களின் வயிறு மட்டுமன்றி ஆட்சியாளரின் வருவாயும் வற்றும். பருவமழையை முன்னறிந்து கூறவேண்டும் என்ற தேவை இவ்வாறு ஆட்சியின் தேவையாகவும் ஆயிற்று. 1904 முதல் இரு பத்தாண்டுகள் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை தாங்கிய கில்பேட் வோக்கர் உலகின் பல நிலையங்களிலிருந்து எண்களைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டார். பசிபிக் பெருங்கடலின் ஒரு புறத்தில் வளியமுக்கம் ஏற, மறுபுறத்தில் அது இறங்கும் ‘தென்னலைவு’ இவ்வொப்பீட்டிலிருந்தே புலப்பட்டது. அவர் பெயர் நிலைத்தது. அலுவலகத்தில் அமர்ந்து எண்களைப் பெருக்கியும் வகுத்தும் கொடுத்த இந்திய எழுத்தர்களின் பெயர்களை இன்று எவரும் கூறுவதில்லை. வோக்கர் கண்ட தென்னலைவு பின்னர் எல்நினோவோடு இணைத்து அறியப்பட்டது. எல்நினோ ஆண்டுகளில் எமது ஐப்பசி, கார்த்திகை மழை மிகுவதற்கு வாய்ப்புண்டு என்று இன்று நாம் அறிவது அவ்வுழைப்பின் பயனாகும்.

வன்னியில் நடந்ததும் இதற்குப் புறம்பானதன்று. 1803இல் பண்டாரவன்னியனின் எதிர்ப்பை முறியடித்த பிரித்தானியர், நெடுங்காலம் இந்நிலத்தைக் காய்ச்சலும் காடும் நிறைந்த பயனற்ற மூலையாகவே கருதினர். 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவான கைந்நூலொன்றை வெளியிட்டார். உடைந்த குளங்களையும், குறைந்துபோன குடிகளையும், வரியையும், விளைவையும் அந்நூல் விவரிக்கிறது. குளத்தைக் கட்டினால் நெல் விளையும். நெல் விளைந்தால் வருவாய் பெருகும். இதனை உணர்ந்த அரசு 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களத்தை அமைத்தது. 1902இல் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தின் வேலை தொடங்கிற்று; அது முடிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. 1907இல் கொழும்பு வானாய்வு நிலையம் எழுந்தது. குளம் கட்டுவோனுக்கு மழையின் அளவு தெரிந்தாகவேண்டும். ஆகவே, எமது மழை முதன்முதலில் முறையாக எண்ணாகியது உழவனுக்காக அன்று. பொறியியலாளனின் மேசைக்காகவும் திறைசேரிக்காகவுமே என்பதை மறத்தலாகாது.

சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே வளிமண்டலவியல் தனித் திணைக்களமாயிற்று. 1950களிலும் 1960களிலும் வவுனிக்குளம், முத்துஐயன்கட்டு முதலிய குளங்கள் புத்துயிர் பெற்றன. யாழ்ப்பாணத்திலிருந்து நிலமற்றோர் வந்தனர். பின்னர், மலையகத்திலிருந்து வன்செயலாலும் பசியாலும் விரட்டப்பட்ட தோட்டத் தொழிலாளர் வந்தனர். காட்டை வெட்டிக் கழனியாக்கிய இம்மக்களுக்கு மழை என்பது வாழ்வும் சாவும் ஆகும். 1964 டிசம்பர் 22ஆம் நாள் வவுனியாவுக்கு அண்மையாக இலங்கையைக் கடந்து சென்று தனுஷ்கோடியை அழித்த சூறாவளியை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அவர்களிடம் மழைமானி இல்லை. எந்தக் குளம் எந்தத் தையில் வான் பாய்ந்தது, எந்த ஆண்டில் சிறுபோகம் கைவிடப்பட்டது என்ற கணக்கு அவர்களின் நெஞ்சில் இருந்தது.

பின்னர் போர் வந்தது. அது உயிர்களையும் உடைமைகளையும் மட்டுமா தின்றது? மழைமானியைப் பார்த்துக் காலை தோறும் ஓர் எண்ணை எழுதுவதற்கு ஒரு மனிதர் வேண்டும். அவர் அங்கே குடியிருக்க வேண்டும். அவருக்குச் சம்பளம் வரவேண்டும். அவர் எழுதியதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப் பாதை வேண்டும். இவையனைத்தும் அறுந்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பல நிலையங்களின் பதிவுகள் தொடர்ச்சி இழந்தன. 2009ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வன்னி மக்களுள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முட்கம்பி வேலிக்குள் கூடாரங்களில் இருந்தனர். அவர்கள் விட்டுவந்த வயல்களில் மழை பெய்தது. பார்த்தவர் மிகச் சிலர். எழுதியவர் அதனினும் சிலர்.

அங்ஙனமாயின், திரையில் அந்த நீலம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் கருவியின் உட்புறத்தை நாம் அறிதல் வேண்டும். இத்தகைய இணையக் கருவிகளுள் முன்னோடியானது நெதர்லாந்து அரச வளிமண்டலவியல் நிறுவனத்தின் ‘கிளைமேற் எக்ஸ்புளோரர்’. பெரிய கணினிகள் இல்லாதவரும் காலநிலைத் தரவுகளை ஆராய உதவும் பொருட்டு கெயர்ட் யான் வன் ஓல்டன்போர்க் என்ற அறிஞர் அதனை உருவாக்கினார். கருவி எதுவாயினும், அது தானாக மழையை அளப்பதில்லை. பிறர் தொகுத்த தரவுகளையே வரைந்து காட்டுகிறது.

அத்தரவுகள் மூவகைப்படும். முதலாவது, நிலையங்களின் அளவீடுகளைக் கொண்டு நிரப்பப்படுவது. ஜெர்மானிய வானிலைத் துறையின் கீழ் இயங்கும் உலக மழைவீழ்ச்சிக் காலநிலை மையம் 1891 முதலான மாதாந்தக் கணக்கை இவ்வாறு தருகிறது. ஒரு சதுரத்தில் நிலையம் இல்லையாயின், அயல் நிலையங்களைக் கொண்டு அச்சதுரத்தின் மழை கணிக்கப்படும். இரண்டாவது, செய்மதிவழிக் கணிப்பு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தார் 1981 முதல் தொகுத்துள்ள ‘சேர்ப்ஸ்’ இவ்வகையினது. குளிர்ந்த முகில் எவ்வளவு நேரம் நின்றது என்பதிலிருந்து மழையை மதிப்பிட்டு, பின் நிலையங்களின் எண்களால் அதனைத் திருத்துவது அதன் முறை. மூன்றாவது, ஐரோப்பிய மையத்தின் ‘ஈ.ஆர்.ஏ.5’. 1940 முதலான அவதானிப்புகளை இயற்பியல் விதிகளோடு இணைத்து, சென்ற காலத்தின் வானிலையைக் கணினி மீளப் படைக்கிறது. அதன் ஒரு சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர். கிளிநொச்சி மாவட்டம் முழுவதும் ஒரு சில சதுரங்களுக்குள் அடங்கிவிடும்.

இவை பொய்யல்ல, உயர்ந்த விஞ்ஞான உழைப்பின் விளைவுகள். ஆனால் அளந்ததையும் கணித்ததையும் படம் ஒரே நிறத்தில் தீட்டிவிடுகிறது. மௌனமும் நீலமாகத் தெரிகிறது! மாணவியின் வினாவுக்கு விடை இதுவே: அந்த மாதத்தில் வன்னியின் மழையைப் பெரும்பாலும் வானத்திலிருந்த செய்மதியும் அயலூர் மழைமானிகளும் கூடிக் கணித்தன. ஜெர்மானிய மையம் ஒவ்வொரு சதுரத்திலும் எத்தனை மழைமானிகள் இருந்தன என்ற எண்ணிக்கையையும் தனியே வெளியிடுகிறது. மழைப் படத்தைப் பார்ப்பவர் அந்தப் படத்தையும் அருகில் வைத்துப் பார்க்கக் கற்றல் வேண்டும். சுழியென்று காட்டும் சதுரம் மழையற்ற இடமன்று. மழையை அளந்து அனுப்ப ஆளற்றுப்போன இடம்.

இன்னுமொன்று உண்டு. ‘வழமையைவிட மிகுதி’, ‘வழமையைவிடக் குறைவு’ என்று படம் கூறும்போது, எது வழமை? உலக வளிமண்டலவியல் நிறுவனம் முப்பது ஆண்டுகளின் சராசரியை வழமையாகக் கொள்கிறது. முன்னர் பெரிதும் ஆளப்பட்டது 1961 முதல் 1990 வரையான சராசரி; இப்போது ஆளப்படுவது 1991 முதல் 2020 வரையானது. இம்முப்பதில் 2009 வரையான பத்தொன்பது ஆண்டுகள், 2002இல் தொடங்கிய போர்நிறுத்தத்தின் சில ஆண்டுகள் நீங்கலாக, வன்னிக்குப் போர்க்காலம். எமது வாழ்வில் வழமை என்பதே இல்லாதிருந்த ஆண்டுகளைக் கொண்டு எமது மழையின் வழமை வகுக்கப்படுகிறது! ஏனைய மாவட்டங்களுக்கு உறுதியான அடித்தளமாக அமையும் சராசரி எமக்கு ஓட்டைகள் நிறைந்த அடித்தளமாகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு, இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டம் ஒப்புதல் பெற்றபோது, கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். சிறுபோகத்துக்கே நீர் போதாத குளத்தில் மிகுதி எங்கே என்பது அவர்களின் கேள்வி. குடிநீரின்றித் தவிக்கும் யாழ்ப்பாண மக்களின் தேவையும் உண்மையானது. உழைக்கும் மக்கள் இரு பகுதியாகப் பிரிந்து முரண்பட்டு நின்ற அந்த வழக்கில், குளத்துக்கு எத்தனை ஆண்டில் எத்தனை முறை போதிய நீர் வரும் என்ற கணக்கே நடுவராக இருந்திருக்கவேண்டும். அறுந்துபோன பதிவேடு எவ்வாறு நடுவராகும்?

2018 டிசம்பர் 21, 22ஆம் நாட்களில் இதனினும் கொடிய பாடம் கிடைத்தது. புனரமைக்கப்பட்ட இரணைமடு திறந்துவைக்கப்பட்டு இரு வாரங்கள்தாம் சென்றிருந்தன. 1964இல் வந்ததுபோன்ற சூறாவளி எதுவும் வன்னியைக் கடக்கவில்லை; ஆயினும் ஓர் இரவின் மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் ஆழ்ந்தன. வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி எழுந்து, விசாரணையும் நடந்தது. அந்த டிசம்பரின் மாதாந்தப் படத்தை இன்று திறந்து பாருங்கள். ஒரு மாதத்தின் மழையை ஒரே நிறமாக அது காட்டும். வீட்டுக் கூரையில் ஏறிக் காத்திருந்த அந்த இரவை அது காட்டாது. நாளாந்தக் கணக்கை எடுத்தால் ஓரளவு தெரியும். மேற்பகுதிக் காடுகளில் மணிக்கு மணி மழையை அளந்திருந்தால், கதவருகே நின்றவர்க்கும் கீழ்ப்பகுதி மக்களுக்கும் அது முன்னரே பயன்பட்டிருக்கும்.

எனவே, கருவியைப் புறக்கணியுங்கள் என்று நாம் கூறவரவில்லை. வோக்கரின் எழுத்தர்கள் ஆண்டுக்கணக்காக உழைத்துச் செய்த ஒப்பீட்டை இன்று கிராமத்துப் பாடசாலை மாணவர் சில நிமிடங்களில் செய்கிறார்; இது மக்களின் கைக்கு வந்த பெரும் செல்வம். ஆனால் செல்வத்தை ஆள்வதற்கும் அதன் முன் கைகட்டி நிற்பதற்கும் வேறுபாடு உண்டு. மக்களின் வரிப்பணத்தில் அளக்கப்பட்ட மழை மக்களின் பொதுச்சொத்து. திணைக்களங்களின் பழைய பதிவேடுகள் கட்டணமின்றி எல்லோர்க்கும் திறக்கப்படவேண்டும் என்று ஆசிரியர்களும் மாணவர்களும் கமக்கார அமைப்புகளோடு சேர்ந்து கோருதல் வேண்டும். அத்துடன், ஒவ்வொரு பாடசாலை முற்றத்திலும் ஒரு மழைமானி நிற்றல் வேண்டும்.

எமது முற்றத்தில் இப்போது ஒன்று நிற்கிறது. அன்று வினாவெழுப்பிய மாணவியே காலை எட்டரை மணிக்கு அதனைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறார். முதற் பக்கத்தில் நாள், அளவு என்ற இரண்டு நிரல்களையே நாம் வரைந்து கொடுத்தோம். அவர் மூன்றாவது நிரலொன்றைத் தாமே சேர்த்திருக்கிறார். அதன் தலைப்பு: ‘அளந்தவர்.’