பாஸ்டன் தெருக்களில் ஒரு தத்தெடுப்பு

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்த நம் குடியிருப்பு அன்பர்கள், அங்கே நடைபாதை ஓரத்தில் குட்டையாக நிற்கும் இரும்புக் குழாய்களைக் கவனித்திருப்பார்கள். ஹைட்ரண்ட் என்று பெயர். தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி அதிலிருந்துதான் தண்ணீர் எடுக்கும். வண்டியிலேயே தொட்டி இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தத் தண்ணீர் சில நிமிடங்களுக்குத்தான் வரும்.

இந்தக் குழாயின் அருமையைப் பாஸ்டன் நகரம் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 1872 நவம்பர் 9, சனிக்கிழமை மாலை. சம்மர் தெருவும் கிங்ஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு கட்டடத்தில் தீ பிடித்தது. அந்தச் சமயம் பார்த்து ஊரில் குதிரைகளுக்கெல்லாம் தொற்றுக் காய்ச்சல். நம் ஊரில் தேர் இழுப்பதுபோல ஆட்களே நீராவிப் பம்பு வண்டிகளை இழுத்து வந்தார்கள். வந்தும் என்ன பயன்? பூமிக்கடியில் இருந்தவை பழைய, குறுகலான குழாய்கள். உயரமான கட்டடங்களின் மரக் கூரைக்குத் தண்ணீர் எட்டவில்லை. வெளியூரிலிருந்து உதவிக்கு வந்தவர்களின் குழாய் முனைகள் பாஸ்டன் ஹைட்ரண்டுகளில் பொருந்தவில்லை. மறுநாள் தீ அடங்கியபோது 65 ஏக்கரில் 776 கட்டடங்கள் போயிருந்தன. தீயணைப்பு வீரர்கள் உட்படப் பலர் இறந்தார்கள்.

தீயணைப்புத் தலைவர் ஜான் டாம்ரெல் இதை எதிர்பார்த்தவர். முந்தைய ஆண்டு சிகாகோ எரிந்ததும் அங்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெரிய குழாய்கள் வேண்டும் என்று நகர நிர்வாகத்திடம் கேட்டிருந்தார். கிடைக்கவில்லை. வங்கியில் காலமெல்லாம் ஃபைல் நகர்த்தியவன் என்பதால், அந்த மறுப்புக் கடிதத்தின் வாசகம்கூட என்னால் ஊகிக்க முடிகிறது.

இன்று பாஸ்டனில் 13,000-க்கு மேற்பட்ட ஹைட்ரண்டுகள் இருக்கின்றன. தண்ணீருக்குக் குறைவில்லை. இப்போதைய எதிரி பனி. சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி பனியை ஓரத்துக்குத் தள்ளும். ஓரத்தில் நிற்பதோ ஹைட்ரண்ட். 2014-15 குளிர்காலத்தில் அந்த ஊரில் மொத்தம் 110 அங்குலம் பனி பெய்தது. வீடு எரிந்துகொண்டிருக்கும்போது தீயணைப்பு வீரர் மண்வாரியை எடுத்துக்கொண்டு குழாய் எங்கே என்று தோண்டித் தேட வேண்டியிருந்தால் நிலைமை என்ன ஆகும்?

2011-இல் 'கோட் ஃபார் அமெரிக்கா' அமைப்பின் சார்பில் பாஸ்டன் நகராட்சியோடு வேலை செய்ய வந்த ஓர் இளைஞர், இதற்காகச் சின்னதாக ஓர் இணையதளம் எழுதினார். வரைபடத்தில் உங்கள் வீட்டருகே உள்ள ஹைட்ரண்டைத் தேடித் தத்தெடுத்துக்கொள்ளலாம் என்பது அப்போதைய ஏற்பாடு. பனி விழுந்தால் அதைச் சுற்றி வாரிவிட்டு, சாலைவரை வழியும் செய்துவைப்பது உங்கள் பொறுப்பு. கைம்மாறாக, அதற்கு ஒரு பெயர் வைக்கலாம்! வாராமல் விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் அதைத் தட்டிக்கொண்டு போய்விடலாம். இந்தக் கடைசி விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. நகராட்சி அபராதம் போட்டிருந்தால்கூட இவ்வளவு வேலை நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

அந்த நிரலை எந்த ஊரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தார்கள். ஹவாய் மாநிலத்தின் ஹொனலுலு நகரம் எடுத்துக்கொண்டது. அங்கே ஏது பனி? ஆனால் சுனாமி எச்சரிக்கைச் சங்குகள் உண்டு. அவற்றின் பேட்டரிகளைத் திருடிக்கொண்டு போய்விட்டார்களாம். அங்கே மக்கள் தத்தெடுத்தது சங்குகளை.