சாகண்: சாலை வளர்த்த ஊர்

வட அமெரிக்கப் புல்வெளிச் சிற்றூர்கள் பலவற்றை உருவாக்கியது இருப்புப்பாதை. நிலையத்தருகே எழுந்த விடுதி அவற்றுள் சிலவற்றில் பழங்கால நினைவுச்சின்னமாக எஞ்சியது. புணே மாவட்டத்துச் சாகணுக்கோ புணே–நாசிக் சாலையே உயிர்நாடி. அதன் பழஞ்சின்னம் சங்கிராமதுர்க்கம் என்னும் கோட்டை. 1660 ஜூனில் முகலாயத் தளபதி ஷாயிஸ்தகான் அதனை முற்றுகையிட்டபோது, சிவாஜியின் கோட்டைத் தலைவர் பிரங்கோஜி நர்சாளா சிறு படையுடன் ஏறத்தாழ 8 வாரம் எதிர்த்து நின்றார். வெடிச்சுரங்கத்தால் கோட்டைக் கொத்தளம் தகர்ந்த பின்னரே ஆகஸ்டில் அது வீழ்ந்தது. இன்று வாகனத் தொழிற்சாலைகளை நாடி வருவோருக்காகச் சாலையோரம் புதிய விடுதிகள் பெருகியுள்ளன. கோட்டையோ பெரும்பாலும் சிதைந்துவிட்டது. எஞ்சிய மதிலும் அகழியும் காக்கப்படாவிடின், சாகணின் வரலாறு தொழிற்பேட்டையிலிருந்தே தொடங்குவதாகப் பின்வருவோர் கருதிவிடுவர்.