இளவேனிலில் சபைத் தொண்டு: தரங்கம்பாடி முதல் மண்டூர் வாவிக்கரை வரை

சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் கடந்து மே மாதப் பள்ளி விடுமுறை முடியும்வரை தமிழ் லுத்தரன் சபைகளில் சபையார் கூலியின்றிச் செய்யும் வேலைகள் ஏராளம். கோயிலுக்கு வெள்ளையடிப்பது, குருத்தோலை வெட்டுவது, வீட்டு ஜெபக் கூட்டம் நடத்துவது, பெரிய வெள்ளியன்று கஞ்சி காய்ச்சுவது, பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவது எல்லாம் இவற்றில் அடங்கும். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, ஆற்காடு லுத்தரன் திருச்சபை, இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆகிய மூன்றிலும், இலங்கை மலையகத் தமிழரிடையே வேரூன்றிய லங்கா லுத்தரன் சபையிலும் இந்தப் பருவம் ஏறக்குறைய ஒரே முறையில் நடந்தேறுகிறது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள மெதடிஸ்த சபைகளில் இதன் நெருங்கிய உறவைக் காணலாம். அந்த உறவுக்கு 300 ஆண்டு வரலாறு உண்டு.

பருவம்

ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடைப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வரும். அதற்கு 46 நாள் முன்னதாகச் சாம்பல் புதன். ஞாயிறுகளைக் கழித்தால் லெந்து எனப்படும் தவக்காலத்தின் நாட்கள் 40. தமிழ் மாதக் கணக்கில் லெந்து பெரும்பாலும் மாசி, பங்குனியிலும், ஈஸ்டர் பங்குனியிலோ சித்திரைத் தொடக்கத்திலோ விழும். ஐரோப்பாவில் பனி உருகும் காலத்து விழாவாக வளர்ந்த ஈஸ்டர், இங்கே வெயில் ஏறும் காலத்து விழாவானது. காவிரிக் கரையில் சம்பா அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கும். பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும். வேப்பமரம் பூக்கும். வேலைக்கு ஆள் கிடைப்பதும் இந்த மாதங்களில்தான். சபைத் தொண்டு இந்தப் பருவத்தில் செழிப்பதற்கு வழிபாட்டு நாட்காட்டி மட்டும் காரணமில்லை, உழவு நாட்காட்டியும் காரணம்.

தோற்றம்

பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளூட்சோ என்ற இரு ஜெர்மானியர் டென்மார்க் அரசன் நான்காம் பிரடெரிக்கின் அனுப்புதலில் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கினர். மறு ஆண்டிலேயே புது எருசலேம் என்ற சிறு கோயில் எழுந்தது. இன்று இராஜ வீதியில் நிற்கும் புது எருசலேம் ஆலயம் 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதற்குள் அச்சகம் வந்து தமிழ்ப் புதிய ஏற்பாடும் அச்சேறியிருந்தது. ஐரோப்பியர் எண்ணிக்கை எப்போதும் விரல்விட்டு எண்ணத்தக்கதாகவே இருந்தது. ஊர் ஊராக நடந்து, படிப்புச் சொல்லிக் கொடுத்து, நோயாளியைப் பார்த்து, பிணம் அடக்கி, சபையை நிலைநிறுத்தியவர்கள் தமிழ் உபதேசியார்களே. கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்து, ஆரோன் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றவர் 1733-இல் குருப்பட்டம் பெற்றார். இந்தியப் புராட்டஸ்டன்ட் குருமார்களில் முதல்வர் அவர்.

ஆரோனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர் இராஜநாயக்கன். தஞ்சை அரசனின் படையில் போர்வீரராக இருந்து, பிறகு உபதேசியாராகித் தஞ்சைச் சீமையில் சபைகளை உண்டாக்கியவர். உழைப்பிலும் ஞானத்திலும் யாருக்கும் குறைந்தவரல்லர். பறையர் சமூகத்தவர் என்பதால், மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று அஞ்சி அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்படவில்லை. எல்லா விசுவாசிகளும் ஆசாரியரே என்று மார்ட்டின் லுத்தர் 1520-இல் எழுதினார். சபைத் தொண்டுக்கு லுத்தரன் சபையில் இறையியல் அடிப்படை அதுதான். அந்த அடிப்படையைத் தமிழ்நாட்டில் முதலில் மீறியது சாதி. தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாக உட்கார்ந்த வழக்கம் நெடுநாள் நீடித்தது. 1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து நீக்க உத்தரவிட்டபோது தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினர். யார் சமைப்பது, யார் பரிமாறுவது, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பவை ஒரு சபையின் பந்தியில் சாதாரண ஏற்பாடுகளாகத் தோன்றலாம். இந்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு அவை சாதாரணமல்ல.

பசித்தவருக்குச் சோறிடுவதைச் சபையின் வேலையாக்கியதில் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸுக்குப் (1726–1798) பெரும்பங்கு உண்டு. ஐதர் அலியின் படையெடுப்பால் 1780-களின் தொடக்கத்தில் தஞ்சையில் பஞ்சம் வந்தது. விலை மலிவாக இருந்தபோதே நெல் வாங்கிச் சேர்த்து வைத்திருந்த அவர், அதை எடுத்துக் கொடுத்துப் பலரைக் காப்பாற்றினார். தஞ்சைக் கோட்டைக்குள் தானியம் தீர்ந்தபோது, முன்பு கூலி கிடைக்காமல் ஏமாந்திருந்த குடியானவர்கள் அரசனின் சொல்லை நம்பி மாடு கட்ட மறுத்தனர். சுவார்ட்ஸ் பொறுப்பேற்ற பிறகே மாடுகள் வந்தன, நெல்லும் கோட்டைக்குள் வந்தது.

தரங்கம்பாடியில் தொடங்கிய பணியைப் பின்னர் தொடர்ந்த லைப்சிக், சுவீடன் மிஷன்களின் சபைகள் 1919 ஜனவரி 14 அன்று இணைந்து தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. 1956-இல் இராஜா பி. மாணிக்கம் அதன் முதல் இந்தியப் பேராயரானார்.

லெந்து

லெந்து நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை. வாரத்தில் ஒரு நாள் மாலை ஒரு வீட்டில் ஜெபக் கூட்டம் கூடும். குருவானவர் எல்லாக் கூட்டத்துக்கும் வரமுடியாது. ஒரே குருவானவர் நான்கைந்து கிராமச் சபைகளைக் கவனிப்பது வழக்கமாகிவிட்ட நிலையில், பெரும்பாலான கூட்டங்களை ஓய்வுபெற்ற ஆசிரியரோ பெண்கள் சங்கத்து அம்மாவோதான் நடத்துவார். பாய் விரிக்கிறவர், பாட்டுப் புத்தகம் சுமந்து வருகிறவர், கூட்டம் முடிந்ததும் சுக்குக்காப்பி கொடுக்கிறவர் எல்லாரும் அந்தத் தெருக்காரர்கள்.

பெண்கள் சங்கத்தின் பழைய வழக்கம் பிடி அரிசி. நாள்தோறும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்து, வாரக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அதை விற்றோ அப்படியே கொடுத்தோ ஏழைகளுக்கும் உபதேசியாருக்கும் உதவினார்கள். கையில் காசில்லாத பெண், வீட்டில் யாரையும் கேட்காமல், தன் விருப்பப்படி கொடுக்கக்கூடிய காணிக்கை அது ஒன்றுதான். ஆண்கள் பெயரில் எழுதப்பட்ட சந்தாப் பதிவேடுகளைவிட இந்தப் பானைகளே பல சிற்றூர்ச் சபைகளைத் தாங்கின என்று சொன்னால் மிகையாகாது. இன்று அரிசியின் இடத்தில் பணமே மிகுதியாக வருகிறது.

பாடு வாரம்

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் வாலிபர்கள் தென்னை அல்லது பனங்குருத்து வெட்டி வருவார்கள். குருத்து இளமஞ்சளாக, மடித்தால் ஒடியாத பதத்தில் இருக்க வேண்டும். முற்றினால் மடிப்பில் கீறிவிடும். மாலையில் கோயில் திண்ணையில் பாட்டிமார் உட்கார்ந்து ஈர்க்கைக் கிழித்தெடுத்து, ஓலையை நுனியிலிருந்து மடித்து, குறுக்கே சுற்றி, வாலைப் பின்பக்கம் செருகிச் சிலுவை செய்வார்கள். பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் கிளி, கிலுகிலுப்பை எல்லாம் பின்னக் கற்றுக்கொள்வதும் அங்கேதான். மறுநாள் பவனி முடிந்ததும் அந்தச் சிலுவை வீட்டு வேதப்புத்தகத்துக்குள்ளோ நிலைப்படியிலோ ஓராண்டு இருக்கும். சில சபைகளில் அவற்றைத் திரும்பச் சேர்த்து எரித்து, அடுத்த சாம்பல் புதனுக்குச் சாம்பல் எடுப்பார்கள்.

பெரிய வியாழன் இரவு திருவிருந்து. பெரிய வெள்ளியன்று நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு மொழிந்த ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேசுவது பல சபைகளில் வழக்கம். அந்த ஏழு பேரில் வாலிபரும் பெண்களும் இருப்பார்கள். ஆண்டு முழுவதும் பிரசங்க பீடத்தில் ஏறாத ஒருவர் அன்றைக்குப் பத்து நிமிடம் பேச, ஒரு மாதம் ஆயத்தப்படுவார். சபையில் பின்னாளில் பொறுப்பேற்கும் பலர் முதன்முதலில் பேசியது இந்த மேடையில்.

ஆராதனை நடக்கும்போதே பின்கட்டில் கஞ்சி கொதிக்கும். பச்சரிசியும் வறுத்த பாசிப்பருப்பும் சேர்த்து, வெந்தயமும் உரித்த பூண்டும் போட்டுக் குழைய வேகவைத்து, இறக்கும் நேரத்தில் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். தொட்டுக்கொள்ளத் துவையல். உபவாசம் இருந்தவர்கள் முதலில் குடிப்பது இதைத்தான். கூடவே வாசலில் நீர்மோர். வெயிலில் அந்த வழியாகப் போகிற யாரும், எந்த மதத்தவரும், வாங்கிக் குடிக்கலாம். அண்டா கழுவி முடிக்கச் சாயங்காலமாகிவிடும். கஞ்சி காய்ச்சுகிறவர்கள் ஏழு வார்த்தைகளையும் ஒலிபெருக்கியில்தான் கேட்கிறார்கள். முறைவைத்து ஆளை மாற்றிவிடும் சபைகளின் ஏற்பாட்டை எல்லாச் சபைகளும் பின்பற்றுவது நல்லது.

ஈஸ்டர் ஆராதனை விடியுமுன் நான்கு, ஐந்து மணிக்குத் தொடங்கும். பாடகர் குழுவில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளும், யோகான் பிலிப் பப்ரிசியுஸ் (1711–1791) ஜெர்மனியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்த ஞானப்பாட்டுகளும் அடுத்தடுத்து ஒலிக்கும். ஒன்று தஞ்சை இராகம், மற்றது ஜெர்மானிய மெட்டு. இரண்டையும் சபையார் தங்கள் சொந்தப் பாட்டாகவே பாடுகிறார்கள்.

ஈஸ்டருக்குப் பின் பள்ளி விடுமுறை தொடங்கியதும் விடுமுறை வேதாகமப் பள்ளி, பேச்சு வழக்கில் வி.பி.எஸ். கல்லூரி மாணவர்களே ஆசிரியர்கள். பாட்டு, கதை, கைவேலை, கடைசி நாள் நிகழ்ச்சி. கிறிஸ்தவரல்லாத பிள்ளைகளும் தெருவிலிருந்து வந்து சேர்வதுண்டு.

மட்டக்களப்பு வாவிக்கரை

மண்டூர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள நெல் விளையும் ஊர். எதிர்க்கரையான எழுவான்கரையில் உள்ள குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே வாவியைக் கடக்கும் பாதை எனப்படும் மிதவைப் படகு ஓடுகிறது. ஊரின் அடையாளம் சின்னக் கதிர்காமம் எனப்படும் முருகன் கோயில். அங்கே கதிர்காமத்து முறைப்படி கப்புகனார் எனப்படும் பூசகர் வாய்கட்டிப் பூசை செய்கிறார். ஆவணிப் பௌர்ணமித் தீர்த்தத்தோடு முடியும் திருவிழாவில் அன்னதானமும் தண்ணீர்ப்பந்தலும் ஊரார் கைவேலை.

இந்தக் கரைகளில் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவம் பெரும்பாலும் மெதடிஸ்த வழியில் வந்தது. வில்லியம் ஓல்ட் 1814-இல் மட்டக்களப்புக்கு வந்து, சில மாதங்களில் பள்ளிகளைத் தொடங்கி, 1815 ஏப்ரலில் இறந்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் இட்ட தொடக்கத்திலிருந்து வளர்ந்தது. எழுவான்கரையின் பெரியகல்லாறு போன்ற ஊர்களில் மெதடிஸ்த சபைகள் உள்ளன.

இந்தச் சபைகளுக்கும் தரங்கம்பாடிக்கும் உள்ள தொடர்பு இங்கிலாந்து வழியாகச் சுற்றி வருகிறது. 1712-இன் தொடக்கத்தில் எப்வொர்த் என்ற ஊரின் குருமனையில் சுசன்னா வெஸ்லி, கணவர் இலண்டனுக்குப் போயிருந்தபோது, தரங்கம்பாடி மிஷனரிகளின் அறிக்கையைப் படித்தார். தாம் ஆணும் அல்லர், குருவும் அல்லர், ஆயினும் ஏதாவது செய்ய வேண்டும் என்று துணிந்து, வீட்டில் ஞாயிறு மாலை ஜெபக் கூட்டம் நடத்தினார். அதற்கு 200 பேருக்கு மேல் வந்தனர். அந்த வீட்டில் அப்போது எட்டு வயதுச் சிறுவனாக இருந்த ஜான் வெஸ்லி, 1738 மே 24 அன்று இலண்டனில் ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டதைக் கேட்டு மனம் மாறினார். அவர் தொடங்கிய இயக்கமே மட்டக்களப்புக்கு வந்தது. காவிரிக் கழிமுகத்தில் தமிழ் உபதேசியார்களோடு நடந்த பணி ஒரு பெண்ணைத் தன் வீட்டிலேயே கூட்டம் நடத்தத் தூண்டி, நூறாண்டு கழித்து இன்னொரு தமிழ்க் கரையில் சபைகளாக முளைத்தது. தமிழ்ச் சபைகளில் பெண்கள் நடத்தும் வீட்டுக் கூட்டங்களைத் துணைவேலையாக எண்ணுகிறவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

வாவிக்கரையில் பெரும்போக வெள்ளாமை பெப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகும். லெந்து அந்த அறுவடையை ஒட்டி வருகிறது. ஈஸ்டருக்கு முன்னும் பின்னுமாகச் சித்திரைப் புத்தாண்டு. கோயில் வளவு துப்புரவாக்கும் வேலையை இங்கே சிரமதானம் என்பர். சைவக் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தேவாலயத்துக்கும் அதே சொல், பல ஊர்களில் அதே ஆட்கள்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பலர். அதற்குப் பிறகு இலங்கையின் ஈஸ்டர் ஆராதனைகளில் ஒரு புதுத் தொண்டு சேர்ந்தது. படையினரும் காவலரும் வெளியே நிற்க, சபையாரும் வாசலில் நின்று வருகிறவர்களின் பைகளைப் பார்த்து உள்ளே அனுப்பினர்.