பாடியவர் பெயர்

நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளின் அட்டையைப் பாருங்கள். தொகுத்தவர் பெயர் பட்டத்தோடு இருக்கும். பாடியவள் உள்ளே எங்கேயாவது 'ஒரு மூதாட்டி' என்று கிடப்பாள். எம்.ஏ. படிக்கிறபோது இப்படிப்பட்ட புத்தகங்களை மனப்பாடம் பண்ணித்தான் தேர்வெழுதினேன். திருவேட்டக்குடியில் எங்க தெருவில் சாவு விழுந்தால் முதலில் கூப்பிடுவது எங்க அப்பாயியைத்தான். அப்பாயி கட்டிய ஒப்பாரியை அடுத்த தெருக்காரி பாடிவிட்டால், 'அது என்னோடதுடி' என்று சண்டைக்குப் போகும். பாட்டுக்குச் சொந்தக்காரி உண்டு என்பது சேரிக்குத் தெரியும்.

பாடலாசிரியர் அறிவின் கதையை நான் இங்கிருந்துதான் பார்க்கிறேன்.

2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், 'குரங்கன்' ராக் குழுவிலிருந்து வந்த தென்மாவும் சேர்ந்து 2017இல் கட்டிய குழு. 19 பேர். அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். கானா, ராப், ராக் மூன்றும் கலந்தது. கிட்டாரோடும் டிரம்ஸோடும் சட்டியும் கட்டமோளமும் நின்றன. ராக்கில் பேஸ் கிட்டார் செய்கிற வேலையை, அடிவயிற்றில் அதிர வைக்கிற வேலையை, இங்கே சாவுக்கு அடிக்கிற மோளமும் செய்தது. இடஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள். அரக்கோணத்துக்காரரான அறிவு அந்தக் குழுவில் எழுதியும் பாடியும் வெளியே தெரிந்தார். அதே ஆண்டு 'காலா'வுக்கு எழுதினார். 2019இல் 'தெருக்குரல்' தொகுப்பு.

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி'. எழுதியவர் அறிவு. தீயும் அவரும் பாடினார்கள், இசை சந்தோஷ் நாராயணன். பாட்டுக்கு வேர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள். 1964இன் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேரை மூட்டை மாதிரி இந்தியக் கணக்கில் எழுதியது. காரைக்கால்காரனுக்கு இது புதுக் கதையில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கள் துறையிலிருந்து மர்த்தினிக், குவாதலூப், ரெயூனியன் தீவுகளுக்குக் கூலிகளைக் கப்பலேற்றினான் பிரெஞ்சுக்காரன். ஆள் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டான். அவர்கள் பாடிக்கொண்டு போனதை யார் எழுதி வைத்தார்கள்?

'என் சாமி'தான் எஞ்சாமி. இந்தச் சொல் எங்க தெருவில் இரண்டு விதமாய்க் கேட்கும். மிராசு வீட்டுக் கொல்லையில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாத்தா சொன்னது ஒன்று. என்னை மடியில் போட்டு 'வாடா என் சாமி' என்று அப்பாயி கொஞ்சியது இன்னொன்று. ஆண்டையிடம் சொல்லவேண்டி வந்ததைப் பேரப்பிள்ளையிடம் ஆசையாய்ச் சொல்லிக்கொண்டாள். பாட்டுக்கு ஆடிய உலகத்துக்கு இது எட்டியிருக்குமா, தெரியாது. பரவாயில்லை.

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இந்தியப் பதிப்பின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அவர்களைக் கொண்டாடக் காரணமான 'எஞ்சாமி', 'நீயே ஒளி' இரண்டிலும் தமிழ் வரிகள் அறிவுடையவை. அவர் படம் இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு தனி அட்டை போட்டார்கள். 2022 ஜூலை 28, சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அதே பாட்டைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. மெட்டும் வரியும் தன்னுடையவை என்று அவர் பகிரங்கமாக எழுதினார். அது கூட்டுப் படைப்பு, அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்றது சந்தோஷ் நாராயணன் தரப்பு. அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024 மார்ச்சில் சொன்னவரும் சந்தோஷ் நாராயணன்தான்.

கூட்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஒப்பாரியும் கூட்டுத்தான், கூட மாரடிக்கப் பத்துப் பேர் இல்லாமல் அப்பாயிக்குக் குரல் எழும்பாது. கூட்டு என்று சொன்னதும் எந்தப் பெயர் முதலில் கரைகிறது என்று பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

2024இல் வந்த தன் தொகுப்புக்கு அறிவு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயர் வைத்தார். எங்க ஊர் மைக்செட்காரர் மாசிமகத்துக்கு எஞ்சாமியைத் தவறாமல் போடுவார். யார் பாட்டுண்ணே என்று கேட்டால், 'தீ பாட்டு தம்பி' என்கிறார்.