இரும்புக்கு ஏங்கும் கடல்

துப்பறியும் கதைகளில் ஒரு வேடிக்கை உண்டு. தடயத்தைத் தேடி வருகிறவனே அதைத் தன் காலால் மிதித்து அழித்துவிடுவான். தென்துருவக் கடலின் சரித்திரத்தைப் படித்தபோது, இது கதையில் மட்டும் நடக்கிற காரியமல்ல என்று தெரிந்துகொண்டேன்.

1839ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்ற ஆங்கிலேயர், எரிபஸ், டெரர் என்னும் இரண்டு மரக்கப்பல்களுடன் தென்துருவத்தை நோக்கிப் புறப்பட்டார். எரிபஸில் உதவி வைத்தியராகப் போன ஜோசப் ஹூக்கருக்கு அப்போது 22 வயது. வெள்ளை வெளேரென்று இருக்கவேண்டிய கடற்பனி, சில இடங்களில் பழுப்பேறிக் கிடந்தது. அது அழுக்கல்ல, உயிர்! டயாட்டம் என்ற நுண்ணிய பாசி. மரம் மட்டையில்லாத அந்தப் பிரதேசத்தில் மற்றப் பிராணிகளுக்கெல்லாம் மூலாகாரம் இதுதான் என்று ஹூக்கர் சரியாகவே ஊகித்தார்.

ஆனால் ஒரு புதிர் மிஞ்சியது. அந்தக் கடலில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏராளம். எருவிட்ட வயல் மாதிரி. அப்படியிருந்தும், பனியின் அடியிலும் ஓரத்திலும் செழிக்கிற பாசி, திறந்த கடலில் நோஞ்சானாக இருப்பானேன்?

இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாமென்று 1931இல் நார்வேயைச் சேர்ந்த கிரான் என்பவர் சந்தேகித்தார். கடலுக்கும் சோகை! ஆனால் அதை நிரூபிப்பது எப்படி? அங்கே ஒரு லிட்டர் நீரில் இருக்கும் இரும்பு, ஏறக்குறைய ஒரு கிராமில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான். அதை அளக்கப் போன கப்பலோ இரும்பு. நீர் மொள்ளும் பாத்திரத்தைக் கட்டி இறக்கிய வடமும் இரும்பு. துருவின் ஒரு துகள் விழுந்தால் போதும், கணக்கு பொய்யாகிவிடும். தடயத்தை அழித்தது துப்பறிய வந்த கப்பல்தான்!

கலிபோர்னியாவில் மாஸ் லாண்டிங் என்ற ஊரில் ஜான் மார்ட்டின் என்ற விஞ்ஞானி இருந்தார். இளமையில் போலியோ கண்டவர். அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் பாத்திரங்களைக் கொண்டு, மடி ஆசாரம் பார்க்கிற பாட்டியைப் போல் சுத்தம் பார்த்து அளந்தார். 1980களின் இறுதியில் உண்மை வெளிப்பட்டது: புட்டியில் இரும்பு சேர்த்தால் பாசி தழைத்தது. 1993 ஜூனில் மார்ட்டின் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில், காலபகோஸ் தீவுகளுக்கு அருகே அவருடைய சகாக்கள் கடலில் இரும்பு உப்பைக் கரைத்தபோது பாசி பெருகியது. பார்க்க அவர் இல்லை.

பனியின் ரகசியம் பிறகு விளங்கியது. குளிர்காலத்தில் உறையும்போது கடற்பனி இரும்பைச் சேர்த்துவைக்கிறது; அடியிலுள்ள நீரைவிடப் பத்து மடங்குக்கும் மேலாகவே. வசந்தத்தில் உருகும்போது அதைக் கடலுக்குக் கொடுக்கிறது. பாசி தழைக்கிறது, அதைத் தின்று கிரில் என்னும் கூனி இனம் பெருகுகிறது, கிரில்லைத் தின்று திமிங்கிலம் வாழ்கிறது.

இந்த வேலையை நாமே செய்தால் என்ன என்று மனிதனுக்கு ஆசை வந்தது. பாசி வளர்ந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு, கடலடியில் புதையட்டுமே! 2009இல் இந்திய, ஜெர்மன் விஞ்ஞானிகள் போலார்ஸ்டெர்ன் கப்பலில் சென்று தென்கடலில் இரும்பு தூவினார்கள். லோஹம் என்ற நம் சொல்லை வைத்தே அதற்கு லோஹாஃபெக்ஸ் என்று பெயர். பாசி வளரத்தான் வளர்ந்தது. ஆனால் நீரில் சிலிக்கா குறைவாக இருந்ததால் டயாட்டம் பெருகவில்லை. முளைத்த மற்றப் பாசியைச் சிறு பிராணிகள் மேய்ந்துவிட்டன. கடலடிக்குப் போனது சொற்பமே.

மருந்தின் பெயர் தெரிந்தவன் எல்லாம் வைத்தியனாகிவிட முடியாது. பருவமறிந்து, அளவறிந்து கொடுக்கிற வைத்தியனாகக் கடற்பனி அங்கே இருந்து வருகிறது. 2023ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தென்துருவக் கடற்பனி, செயற்கைக் கோள்கள் அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து காணாத அளவுக்குக் குறைந்தது. எனக்குக் கவலை தருவது அந்தச் செய்திதான்.